தையல் மெஷின் பக்கத்தில் ஆறிப்போன தே

தேநீரை ருசி பார்த்து எழுதுகிறவர்கள் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, மூன்று நிமிடம் மணி பார்த்து, பையைத் தூக்கி எறிந்துவிட்டு, சூட்டோடு ஒரு வாய் குடித்து எழுதுகிறார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் ரவிக்கை தைக்கிறேன். பையைக் கோப்பையில் போட்டு வெந்நீரை ஊற்றியதும்தான் யாராவது புடவையைத் தூக்கிக்கொண்டு படியேறி வருவார்கள். அளவெடுத்து, கழுத்து எவ்வளவு இறக்கம் என்று பேசி, முதுகில் கயிறா கொக்கியா என்று அம்மாவும் மகளும் வாக்குவாதம் பண்ணி முடிப்பதற்குள் அரை மணி நேரம் போய்விடும். கடைசியில் என் வாய்க்கு வருவது ஊறி ஊறிக் கறுத்து ஆறிப்போன தே.

அதனால் நான் பார்ப்பது ஒன்றைத்தான். ஆறின பிறகு அது எப்படி இருக்கிறது? சூடாக இருக்கும்போது எல்லாத் தேநீரும் நல்ல பிள்ளைதான். ஆவியோடு வாசனை மூக்கில் ஏறுகிறது, அந்த மயக்கத்திலேயே பாதி ருசி கிடைத்துவிடுகிறது. ஆவி அடங்கிய பிறகுதான் இலை எவ்வளவு, பூ எவ்வளவு, எஸென்ஸ் எவ்வளவு என்று தனித்தனியாகத் தெரியும். பெட்டியின் மேல் எழுதியிருப்பது உண்மையா என்று அப்போது கேட்டுக்கொள்ளலாம்.

கறையையும் பார்க்க வேண்டியிருக்கிறது. நிறைய வேலைப்பாடு செய்த காஞ்சிப்பட்டு கட்டிங் மேசையில் கிடக்கும்போது பக்கத்தில் சிவப்புத் தண்ணீர் நிற்பது நல்லதில்லை. கோப்பைக்கு மூடி உண்டு, மேசையை விட்டுத் தள்ளி ஒரு முக்காலியில்தான் வைப்பேன். இருந்தாலும் ஒவ்வொரு தேநீரிலும் ஒரு சொட்டு எடுத்து, வெட்டி மிஞ்சிய வெள்ளை லைனிங் துணியில் விட்டு, கட்டிச் சோப்புப் போட்டு அலசிப் பார்த்தேன். அந்தத் துண்டு சுவரில் குத்தி வைத்திருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் "இது என்ன டிசைன், அக்கா?" என்று கேட்கிறார்கள்.

இத்தனை வகை எப்படி வந்தது என்றால், தீபாவளிக் கூடைகள். முன்பெல்லாம் கூடையில் முந்திரியும் பிஸ்கட் டின்னும் இருக்கும். இப்போது எல்லாருக்கும் சர்க்கரைப் பயம், ஆகவே பூத்தேநீர், மூலிகைத் தேநீர். கீழே மாமாக் (இந்திய முஸ்லிம்) கடையில் டின் பால் ஊற்றி ஆற்றும் தே தாரிக்கைப் பொங்குஸ் கட்டி வாங்கி வரும் பழக்கத்தை நானும் குறைத்துக்கொண்டதால், அலமாரியில் சேர்ந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். இல்லாததை மஸ்ஜித் இந்தியா பக்கமும் பெட்டாலிங் ஸ்திரீட் பக்கமும் போய் வாங்கிக்கொண்டேன்.

முதலில் வாசனை ஏற்றிய கறுப்புத் தேயிலைகள். நம் நாட்டில் இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் 'போ' நிறுவனத்தை விட்டுவிட்டுப் பேச முடியாது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் கேமரன் மலையில் தொடங்கியது. நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளிய மலை அது. அவர்களுடைய செரி சொங்கெட் வரிசையில்தான் பழ வாசனைத் தேயிலைகள் வருகின்றன. எந்தப் பெரிய கடையிலும் கிடைக்கும், விலையும் கையைக் கடிக்காது.

அதில் லைச்சி-ரோஜா. வெந்நீர் பட்டதும் கடை முழுக்க மணக்கிறது. என்னோடு வேலை பார்க்கும் தங்கச்சி ஓவர்லாக் மெஷினை நிறுத்திவிட்டு, "யாருக்கா அத்தர் போட்டுக்கிட்டு வந்தது?" என்று வாசலைப் பார்த்தாள். இவ்வளவு சத்தம் போடுகிற வாசனை ஆறினால் காணாமல் போகும் என்று நினைத்தேன். போகவில்லை. ரோஜா அடங்கிவிடுகிறது, லைச்சி நிற்கிறது. ரோஜாவுக்கு மணம் கொடுக்கும் பொருள்களில் ஒன்று லைச்சிப் பழத்திலும் இயற்கையாகவே இருக்கிறது. அதனால்தான் இந்த ஜோடியில் ஒன்று எங்கே முடிந்து இன்னொன்று எங்கே தொடங்குகிறது என்று நாக்கால் பிரிக்க முடிவதில்லை. பை அதிக நேரம் ஊறினால் துவர்ப்பு ஏறும். அது எந்தக் கறுப்புத் தேயிலைக்கும் உள்ளதுதான், பையில் இருப்பது பொடி இலை, சாறு சட்டென்று இறங்கிவிடும். அரைக் கரண்டி சீனியும் இரண்டு ஐஸ் கட்டியும் போட்டால் அந்தத் துவர்ப்பே நன்றாக இருக்கிறது. மத்தியானம் மூன்று மணி வெயிலில் படியேறி வருகிறவர்களுக்கு இதைத்தான் கொடுக்கிறேன்.

எலுமிச்சை-இஞ்சி, சூடாக இருந்தால் இரண்டும் சரிசமம். ஆறினால் எலுமிச்சை முந்திக்கொள்கிறது, இஞ்சி பின்வரிசைக்குப் போகிறது. பச்சை இஞ்சியின் காரம் ஆவியாகி ஓடுகிற சரக்கு இல்லை, தண்ணீர் ஜில்லென்று ஆனாலும் தொண்டையில் பிடிக்கும். எனவே நான் ஒரு துண்டு இஞ்சியைத் தட்டி அதே கோப்பையில் போட்டுவிடுகிறேன். அப்படிச் செய்தால் இந்தப் பெட்டிதான் அலமாரியில் முதலில் காலியாகிறது. கறுப்புத் தேயிலையில் காஃபீன் உண்டு என்பதால் தீபாவளிக்கு முந்தின வாரம், ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கொக்கி வைக்கும்போது, கைகொடுப்பதும் இதுதான்.

ஏர்ல் கிரேயில் டேன்ஜரின் சேர்த்த வகை ஒன்றும் இருக்கிறது. ஏர்ல் கிரே என்றாலே பெர்கமோட் என்ற ஒரு சிட்ரஸ் பழத்தின் தோல் எண்ணெய். பெரும்பாலும் இத்தாலியின் தென்கோடியில் கலாப்ரியாவில் விளைகிறது. பழத்தை யாரும் அப்படியே தின்பதில்லை, தோலுக்காகத்தான் வளர்க்கிறார்கள். தங்கச்சிக்கு இந்த வாசனை பிடிக்காது, சோப்புக் கட்டியைக் கரைத்த தண்ணீர் என்பாள். எனக்குப் பிடிக்கும், டேன்ஜரின் அந்தக் கூர்மையைக் கொஞ்சம் தணிக்கிறது. ஆறவிட்டால் கலங்கலாகிவிடுகிறது, கெட்டுப்போய்விட்டதோ என்று கொட்டிவிடாதீர்கள். அழுத்தமாக ஊறிய கறுப்புத் தே குளிரும்போது காஃபீனும் துவர்ப்புச் சத்துகளும் ஒன்றோடு ஒன்று சேர்ந்து தண்ணீரில் திரிகின்றன. கொஞ்சம் சூடாக்கினால் மறுபடி தெளிந்துவிடும்.

மாம்பழத் தே ஒன்று கூடையில் வந்தது. பெயர் வேண்டாம். பெட்டியில் தங்க நிறத்தில் கீறிய மாம்பழம், கன்னத்தில் சொட்டும் சாறு. பின்பக்கம் திருப்பினால் தேயிலை, அப்புறம் 'பெரிசா யாங் டிபெனார்கான்', அதாவது அனுமதிக்கப்பட்ட வாசனைப்பொருள். மாம்பழத்தின் தோல்கூட அந்தப் பட்டியலில் இல்லை. சூட்டில் மிட்டாய் மணம், ஆறினால் மிட்டாயும் இல்லை, வெறும் தேயிலைத் தூளின் கசப்பு. சரி, வீணாக்கக் கூடாதே என்று வேறு வழி பார்த்தேன். பளீரென்ற வெள்ளை லேஸை ஐவரி நிறத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்றால் கறுப்புத் தேயில் ஊறப் போடுவது தையல்காரர்களின் பழைய வழக்கம். கல்யாண கவுன் ஒன்றின் கை லேஸுக்கு அந்த மாம்பழப் பைகளைப் பயன்படுத்திக்கொண்டேன். நிறம் அருமையாக வந்தது. கோப்பையில் நிற்காத மாம்பழ வாசனை லேஸில் நின்றது, அலசி அலசித்தான் போயிற்று.

அப்புறம் வசதியான வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்த டிடபிள்யூஜி பெட்டி. சிங்கப்பூர் நிறுவனம். '1837' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு இரு நூற்றாண்டுப் பழைய கடை என்று பலரும் நம்புகிறார்கள். கடை 2008-இல் ஆரம்பித்தது. 1837 சிங்கப்பூரில் வர்த்தகச் சபை தோன்றிய ஆண்டு. அது கிடக்கட்டும், எனக்கு வேண்டியது பை. காகிதமில்லை, மெல்லிய பருத்தித் துணி, கையால் தைத்தது என்று அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள். விடுவேனா? குடித்து முடித்த ஒரு பையைக் காயவைத்து, தையல் பிரிக்கும் ஊசியால் ஓரத்தை மெதுவாகப் பிரித்துப் பார்த்தேன். ஓர மடிப்பு ஒழுங்காக இருந்தது, ஒரு தையலும் தப்பவில்லை, நூல் வெந்நீரில் சாயம் விடவில்லை. சாதாரணப் பைகளில் காகிதத்தைச் சூட்டில் ஒட்டிவிடுவார்கள் அல்லது ஒரு கம்பிப் பின்னை அடித்துவிடுவார்கள். இதில் உள்ளே இருந்த இலையும் பொடியில்லை, ஊறி விரிந்த துண்டுகள். இலை பெரிதாக இருந்தால் சாறு மெல்ல இறங்கும். அதனால்தான் அரை மணி நேரம் மறந்துவிட்டாலும் வாய் சுருங்கவில்லை. பழமும் சோம்பும் கலந்த ஒரு இனிப்பு மணம் ஆறிய பிறகும் கடைசி மடக்குவரை வந்தது. இவ்வளவையும் சொல்லிவிட்டு விலையைச் சொல்லாமல் இருப்பது நியாயமில்லை. பெவிலியன் பேரங்காடியில் விசாரித்தேன். பதினைந்து பை உள்ள பெட்டியை வகுத்துப் பார்த்தால், ஒரு பையின் காசில் கீழே கடையில் இரண்டு தே தாரிக் குடித்துவிட்டு மீதி சில்லறையும் வாங்கிக்கொண்டு மேலே வரலாம். அன்பளிப்பாகக் கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். காசு போட்டு வாங்க எனக்கு மனசு வரவில்லை.

இனி மூலிகைகள். இவற்றில் பெரும்பாலானவற்றில் தேயிலைச் செடியே கிடையாது, ஆகவே காஃபீனும் கிடையாது.

ரோசெல்லில் இருந்து தொடங்குகிறேன், என் லைனிங் துணியில் அதிக இடம் பிடித்தது அதுதான். பூ என்று சொல்லி விற்கிறார்கள், உண்மையில் அது பூ உதிர்ந்த பிறகு காயைச் சுற்றி நிற்கும் தடித்த சிவப்பு உறை. உலர்ந்ததை வாங்கினால் கருஞ்சிவப்பாக, விரலால் ஒடித்தால் மொறுக்கென்று உடையும். தெலுக் இந்தான் பக்கத்துத் தெலுங்குக்கார அம்மா ஒருவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்ததும், "இது எங்கள் கோங்குராதான், கண்ணு" என்றார். புளிச்சக்கீரைச் சட்னிக்கு ஆகிற அதே செடியினம்தான். இலை புளிக்கிறது, உறையும் புளிக்கிறது. அந்தப் புளிப்பு சூட்டில் ஒன்று, ஆறினால் ஒன்று என்று மாறுவதில்லை. எவ்வளவு நேரம் ஊறினாலும் துவர்ப்பும் பெரிதாக ஏறாது. ஐந்தாறு உறை, ஒரு கோப்பை வெந்நீர், கொஞ்சம் கற்கண்டு. குளிர்ந்து குடித்தால் இன்னும் மேல். பால் மட்டும் ஊற்றாதீர்கள், திரிந்துவிடும்.

கறைக்கு வருவோம். ஒரு சொட்டு விட்டேன், நல்ல ரோஜா நிறத்தில் ஒரு பைசா அளவுக்குப் பரவி நின்றது. கட்டிச் சோப்பைத் தேய்த்த மாத்திரத்தில் நடு நீலமாகி, ஓரம் பச்சை கலந்த சாம்பலாகத் திரும்பியது. தங்கச்சி பயந்துவிட்டாள். அந்தச் சிவப்புச் சாயம் புளிப்பில் சிவக்கும், காரத்தில் நீலமாகும். சோப்பு காரம். எலுமிச்சையைப் பிழிந்தேன், மறுபடி சிவப்பு எட்டிப்பார்த்தது. வேடிக்கையாக இருந்தாலும் கறை கறைதான், அலசியும் ஒரு நிழல் நிற்கிறது. வெள்ளைப் புடவை, கிரீம் பட்டு மேசையில் இருக்கிற அன்று ரோசெல் கடைக்குள் நுழையக் கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறேன். இன்னொன்று, ரோசெல் ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கும் என்று ஆய்வுகள் உண்டு. நல்லதுதானே என்று, பிரஷர் மாத்திரையும் போட்டுக்கொண்டு நாளுக்கு நாலு கோப்பையும் குடிப்பதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சங்குப்பூ அழகி. காய்ந்த பூ நாலைப் போட்டால் கோப்பைக்குள் மயில்கழுத்து நீலம் இறங்குகிறது. எலுமிச்சை விட்டால் ஊதாவாக மாறுகிறது, ரோசெல்லில் நடந்த அதே ரசாயனம். வாடிக்கையாளர்கள் கைப்பேசியை எடுத்துப் படம் பிடிக்கிறார்கள். குடித்தால்? பச்சைப் பட்டாணியை அலசிய தண்ணீர். சூட்டிலும் அதேதான், ஆறினாலும் அதேதான். இதில் எஸென்ஸ் கலப்படம் ஒன்றும் இல்லை, அசல் பூ. அசலாக இருந்தால் ருசியாக இருந்தே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கிளந்தான்காரர்கள் நாசி கெராபு என்ற சோற்றுக்கும் பினாங்கு ஞோஞா (மலாய்ப் பழக்கம் கலந்த சீனர்) வீடுகளில் பலகாரத்துக்கும் இதை நிறத்துக்காகச் சேர்க்கிறார்கள், ருசியைத் தேங்காய்ப்பாலிடமும் மீனிடமும் விட்டுவிடுகிறார்கள். அவர்கள் விவரமானவர்கள்.

மிசாய் கூச்சிங், பூனைமீசை. பூவில் நீண்ட வெள்ளை நரம்புகள் மீசையாக நீட்டிக்கொண்டிருக்கும், குடிப்பது இலையை. என் அம்மா தோட்டத்தில் இருந்த காலத்தில் வேலியோரம் தானாகக் கிடந்தது, நீர்க்கடுப்புக்கு அவித்துக் கொடுப்பார்கள். சிறுநீரைப் பெருக்கும் குணம் உண்டு என்பதால் சிறுநீரகக் கல்லுக்கு என்று இன்றும் பெட்டி பெட்டியாக விற்கிறார்கள். ருசி, கசப்போடு லேசான உப்புக்கரிப்பு. அந்த இலையில் பொட்டாசியம் நிறைய. கிட்னி ஏற்கெனவே பழுதானவர்கள் "கிட்னிக்கு நல்லதாமே" என்று தாமாக ஆரம்பித்துவிடக் கூடாது, அவர்களுக்குப் பொட்டாசியம் தேங்குவதே ஆபத்து. நான் வாங்கிய இரண்டு பெட்டிகளில் ஒன்றில் 'MAL' என்று தொடங்கி 'T' எழுத்தில் முடியும் பதிவு எண் இருந்தது. அது பாரம்பரிய மருந்தாகச் சுகாதார அமைச்சின் கீழ் பதிவானது என்று பொருள். இன்னொன்று சும்மா உணவுப் பொருள் வரிசையில் வந்தது. நோய் தீரும் என்று பெட்டியில் பெரிதாக எழுதிவிட்டு எண் இல்லாமல் இருந்தால் நான் அலமாரியில் திரும்ப வைத்துவிடுவேன். சூட்டில் ஒரே மடக்காகக் குடித்துவிட வேண்டிய தண்ணீர் இது, ஆறவிட்டால் என்னால் முடியவில்லை.

பெட்டாலிங் ஸ்திரீட்டில் சீன மருந்துக்கடைக்காரரிடம் வெள்ளைச் செவ்வந்தி வாங்கினேன். அதற்கு முன் வேறொரு கடையில் வாங்கியது பஞ்சாக வெளுத்திருந்தது, டப்பாவைத் திறந்தால் தீக்குச்சி உரசிய நெடி. பூச்சி அரிக்காமலும் நிறம் மங்காமலும் இருக்கச் சிலர் கந்தகப் புகை காட்டுவார்கள், அந்த நெடிதான். இந்தத் தவுக்கே கொடுத்தது மங்கல் மஞ்சள், பார்க்கச் சுமார். "அழகானதை வாங்காதே, மூக்கைக் கேள்" என்று மலாயில் சொல்லி டப்பாவை என் முகத்துக்கு நேரே நீட்டினார். காய்ந்த புல்லும் கொஞ்சம் தேனும் கலந்த வாசம். முதல் தண்ணீரை ஊற்றிச் சுற்றிக் கொட்டிவிட வேண்டும், இரண்டாவது தண்ணீர்தான் குடிக்க. சுருங்கிக் கிடந்த பூ கோப்பையின் அடியில் ஒவ்வொரு இதழாக நிமிர்ந்து, அப்புறம் மெல்ல மேலே வருகிறது. சீனர்கள் இதை உடம்புச் சூட்டுக்குக் குடிக்கிறார்கள். சூடு, குளிர்ச்சி என்று சாப்பாட்டைப் பிரிப்பதில் நமக்கும் அவர்களுக்கும் அதிகத் தூரமில்லை. கற்கண்டு போட்டு ஆறவிட்டால் இது சூடாக இருந்ததைவிட நன்றாகவே ஆகிறது. பூ நாலு மணி நேரம் ஊறிக் கிடந்தாலும் கோபித்துக்கொள்வதில்லை. துணியில் விட்ட சொட்டு வெளிர்மஞ்சள், ஒரே அலசலில் போயிற்று. தையல்காரிக்கு இதைவிட என்ன வேண்டும்?

அதே கடையில் ஈப்போவின் ஹோ யான் ஹோர் பெட்டியும் எடுத்தேன். 1941-இல் ஆரம்பித்த மூலிகைத் தேநீர், பல சீன வீடுகளில் காய்ச்சல் வருகிற மாதிரி இருந்தால் இதைத்தான் தேடுவார்கள். கசப்பு. மருந்தாகக் குடிக்கலாம், பொழுதுபோக்காகக் குடிக்க முடியாது. வெளியே வரும்போது அந்தப் பக்கத்தில் பேர்போன ஆயர் மாதா கூச்சிங் (பூனைக்கண் தண்ணீர்) தள்ளுவண்டியில் நின்றேன். லோங்கனும் லோ ஹான் குவோவும் போட்டு அவித்த இனிப்புத் தண்ணீர், தேநீர்க் கணக்கில் வராது. பூனையின் மீசையைக் குடித்தாயிற்று, கண்ணையும் குடித்தாயிற்று.

டுவைனிங்ஸின் சீமைச்சாமந்தியும் பெப்பர்மின்ட்டும் எல்லாருக்கும் தெரிந்தவை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சீமைச்சாமந்தி சூட்டில் ஆப்பிள் வாசனை, ஆறினால் வைக்கோல். ராத்திரி கடையை அடைத்துவிட்டு, உட்கார்ந்து, சூட்டோடு குடித்தால் அதன் அருமை தெரியும், என் வேலை நேரத்துக்குத் தோதில்லை. செவ்வந்தி வகைப் பூக்கள் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், இரண்டும் ஒரே குடும்பம். பெப்பர்மின்ட் ஆறினாலும் அதே ஜிலுஜிலுப்பு. வாழையிலைச் சாப்பாட்டுக்குப் பிறகு குடித்தால் வயிறு லேசாகும். ஆனால் நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு அது எரிச்சலைக் கூட்டவும் செய்யும், உணவுக்குழாய்க்கும் இரைப்பைக்கும் நடுவில் உள்ள வளையத் தசையைத் தளர்த்திவிடுவதால். கேஸ்ட்ரிக் என்று சொல்லிக்கொண்டே புதினாத் தேநீரைத் தேடிக் குடிக்கும் என் நாத்தனாருக்கு இதைச் சொன்னேன். கேட்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. கூடையில் வந்த வெளிநாட்டு மூலிகைக் கலவை ஒன்று சீனியே இல்லாமல் தித்தித்தது. ஆறின பிறகும், குடித்து முடித்த பிறகும், உதட்டில் ஒட்டிக்கொண்டு தித்தித்தது. பெட்டியைப் படித்தால் அதிமதுரம். நாட்டு மருந்துக்கடையில் இருமலுக்கு வாங்குகிற அதே வேர்தான், நல்ல சரக்குதான். அதில் உள்ள கிளைசிரைசின் என்ற பொருள் உடம்பில் சேரச் சேர ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். எப்போதாவது ஒரு கோப்பை என்றால் பரவாயில்லை. சர்க்கரை இல்லையே என்ற தைரியத்தில் பிரஷர் உள்ளவர்கள் தினம் நாலு கோப்பை இறக்குவதுதான் வம்பு. ஃபால்ஸ் அடிக்கக் கொடுக்க வந்த ஒரு டீச்சரம்மா அந்தப் பெட்டியைப் பார்த்து, "நல்லா தித்திப்பா இருக்கே, எங்கே வாங்கின?" என்றார். மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். ஆமாம் என்றார். பெட்டியை உள்ளே வைத்துவிட்டுச் செவ்வந்தி போட்டுக் கொடுத்தேன்.

மஸ்ஜித் இந்தியா மளிகைக்கடைச் சுக்குமல்லிப் பொடிக்கு வருகிறேன். இதைத் தேநீர் என்று ஒத்துக்கொள்ளாதவர்கள் காப்பி என்று வைத்துக்கொள்ளட்டும். கருப்பட்டிக்குப் பதில் நான் குலா மலாக்கா போடுகிறேன். தென்னஞ்சீனியின் கருகிய இனிப்பு சுக்குக்கு எடுப்பாக இருக்கிறது. ஆறினால் அடியில் பொடி தங்கிவிடும், கலக்கிவிட்டுக் குடித்தால் காரம் அப்படியே நிற்கிறது. மழை நாளில், ஜாலான் துன் சம்பந்தன் முழுக்கக் கார் நெரிசலில் நிற்க, ஈரக்காலோடு மேலே வருகிறவர்களுக்கு இதைக் கொடுத்தால் விலை பேசுவதில்கூட இளகுகிறார்கள்.

கடைசியாக, செராயும் (எலுமிச்சைப்புல்) பண்டானும் (ரம்பை இலை). கூடையில் வராதது. பெட்டியில்லை, பையில்லை, நூலில்லை. மூன்று செராய்த் தண்டின் அடிப்பகுதியை அம்மிக்குழவியால் நசுக்கி, இரண்டு பண்டான் இலையை முடிச்சுப் போட்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் பத்து நிமிடம் சிறு தீயில் விட்டு, காலையில் ஃபிளாஸ்க்கில் ஊற்றிக் கடைக்குக் கொண்டுவருகிறேன். எலுமிச்சையின் மணத்துக்குக் காரணமான சிட்ரல்தான் செராயிலும், ஆனால் இதில் புளிப்பு இல்லை. பண்டான் புதுச்சோற்றின் வாசனையைக் கொண்டுவருகிறது. காலையில் சூடாக, மத்தியானம் வெதுவெதுப்பாக, சாயங்காலம் ஜில்லென்று, மூன்று வேளையும் மூன்று விதமாக நன்றாக இருந்தது இது ஒன்றுதான். லைனிங் துணியில் அதன் சொட்டு எங்கே விழுந்தது என்று தேடியும் கண்டுபிடிக்க முடியவில்லை. செலவு இரண்டு வெள்ளிக்குள்.

ஆகவே இந்தத் தீபாவளி வேலைக்கு என் முக்காலியில் பகலுக்குச் செராய்-பண்டான், கிரீம் பட்டு வந்தாலும் பயமில்லாமல் செவ்வந்தி, ராத்திரி வேலைக்கு எலுமிச்சை-இஞ்சி. வருகிறவர்களுக்கு லைச்சி-ரோஜா. சங்குப்பூ மிச்சத்தைப் பக்கத்துக் கடை கேக் பண்ணும் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். செராய் வாங்கும்போது அடித்தண்டு கனமாகவும், வெட்டிய இடம் ஈரமாகவும் இருக்கிறதா என்று பாருங்கள். வெட்டுவாய் பழுத்துப்போயிருந்தால் எவ்வளவு நசுக்கினாலும் மணம் வராது. காயவைத்து நறுக்கிப் பெட்டியில் போட்ட செராயும் விற்கிறார்கள், சந்தையில் பச்சையாகக் கிடைக்கும்வரை அதற்குக் காசு கொடுக்க வேண்டாம்.